கல்வராயன் மலை சரணாலயமா? போர்டு இல்லாத காட்டில் என்ன பார்க்கலாம், எதைச் செய்யக் கூடாது?

2021 அக்டோபரில் ஒரு வீடியோ தமிழ்நாடு முழுக்க செல்போன்களில் சுற்றியது. சேலம் மாவட்டம் ஆத்தூர் அருகே, கல்வராயன் மலை அடிவாரத்தில் உள்ள ஆனைவாரி முட்டல் நீர்வீழ்ச்சி. திடீரென பெருக்கெடுத்த காட்டாற்று வெள்ளத்தின் நடுவே, பாறையை ஒட்டி கைக்குழந்தையுடன் ஒரு பெண். மேலே நின்றவர்கள் கயிறு கட்டி, வழுக்கும் பாறையில் ஏறி இறங்கி, தாயையும் குழந்தையையும் மீட்டார்கள். மீட்டவர்களில் இருவர் தண்ணீரில் விழுந்து, நீந்திக் கரையேறினார்கள். முதல்வர் மு.க.ஸ்டாலின் அவர்களைப் பாராட்டினார்.

அந்தக் குடும்பம் வந்தது எல்லோரையும் போல லீவு நாளில் குளித்துவிட்டுப் போகத்தான். தண்ணீர் ஏறும் என்று அங்கிருந்த யாரும் எதிர்பார்க்கவில்லை.

கல்வராயன் மலைக்குப் போகிற பலருக்கும் இதே நிலைதான். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி கூட்டம் இல்லை, முதுமலை மாதிரி செக்போஸ்ட் கெடுபிடி இல்லை. ஆனால் இது காடு. இங்கே என்ன பார்க்கலாம், எப்போது போகலாம், சட்டம் என்ன சொல்கிறது, ஆபத்து எங்கே இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

கல்வராயன் மலை எங்கே இருக்கு?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன். மேற்குத் தொடர்ச்சி மலை போல இது ஒரே நீளமான சுவர் கிடையாது. ஜவ்வாது, சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று தனித்தனித் திட்டுகளாக நிற்கும் மலைகளில் கல்வராயனும் ஒன்று. பரப்பளவு சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களுக்கு நடுவே எல்லைச் சுவர் போல நிற்கிறது.

வடக்குப் பகுதிக்கு சின்னக் கல்வராயன் என்றும், தெற்குப் பகுதிக்கு பெரிய கல்வராயன் என்றும் பெயர். சின்னக் கல்வராயனின் சராசரி உயரம் சுமார் 2,700 அடி. பெரிய கல்வராயன் 4,000 அடி வரை உயர்கிறது.

2019 நவம்பர் 26 வரை இந்தப் பக்கம் முழுக்க விழுப்புரம் மாவட்டம். அன்றுதான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக உதயமானது. இப்போது கல்வராயன்மலை தனித் தாலுகா. அதன் தலைமையிடம் மலை மேலேயே இருக்கும் வெள்ளிமலை.

மலை மேல் பெய்யும் மழைதான் கீழே இருக்கும் ஊர்களின் தண்ணீர். கோமுகி, மணிமுக்தா ஆறுகள் இங்கிருந்துதான் இறங்குகின்றன. சேலம் பக்கம் வசிஷ்ட நதியும் இந்த மலையில்தான் பிறக்கிறது. எல்லாத் தண்ணீரும் கடைசியில் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே கடலுக்குப் போகிறது. கச்சிராயபாளையம் பக்கத்தில் கோமுகி அணை நிரம்பினால் கள்ளக்குறிச்சி விவசாயிகளுக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்குக் காரணம் மேலே இருக்கும் காடு.

அப்போ இது சரணாலயமா?

இல்லை. பலரும் குழம்பும் இடம் இதுதான். கல்வராயன் மலைக் காடுகள் 'காப்புக்காடு' என்ற வகையில் வருகின்றன. வனவிலங்கு சரணாலயம் என்பது வேறு.

காப்புக்காடு: 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படுவது. காட்டைக் காப்பாற்றுவதுதான் முதல் நோக்கம். அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது, மரம் வெட்டுவது, தீ வைப்பது, வேட்டையாடுவது எல்லாம் குற்றம்.

வனவிலங்கு சரணாலயம்: 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படுவது. விலங்குகளையும் அவற்றின் வாழிடத்தையும் காப்பது நோக்கம். சுற்றுலா, ஆய்வு, புகைப்படம் எதுவாக இருந்தாலும் அனுமதி பெற்றுத்தான் உள்ளே போக முடியும்.

தேசியப் பூங்கா: சரணாலயத்தைவிடக் கடுமையான பாதுகாப்பு. மேய்ச்சல் போன்ற மனித நடவடிக்கைகளுக்கு இடமே இல்லை.

தமிழ்நாட்டில் சமீப ஆண்டுகளில் சரணாலயப் பட்டியல் நீண்டிருக்கிறது. 2021 டிசம்பரில், விழுப்புரம் மாவட்டத்தின் கழுவேலி சதுப்புநிலம் மாநிலத்தின் 16-வது பறவைகள் சரணாலயம் ஆனது. 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயம் வந்தது. தேவாங்குக்கென்றே அறிவிக்கப்பட்ட நாட்டின் முதல் சரணாலயம் அது. அதன்பின் ஈரோடு மாவட்டத்தில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் வந்தது.

கல்வராயன் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் சபாரி ஜீப் இல்லை, டிக்கெட் வாங்கி உள்ளே கூட்டிப்போய் விலங்கு காட்டும் ஏற்பாடு இல்லை. மலை ரோட்டில் யார் வேண்டுமானாலும் பைக்கில் போகலாம், பஸ்ஸில் போகலாம். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரணாலயம் இல்லைன்னா விதியும் இல்லையா?

இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலய எல்லைக்குள் மட்டும் செல்லும் சட்டம் அல்ல. பட்டியலில் உள்ள ஒரு விலங்கு காப்புக்காட்டில் இருந்தாலும், வயக்காட்டில் இருந்தாலும், வீட்டுக் கொல்லைக்கே வந்தாலும் அதற்குப் பாதுகாப்பு உண்டு.

'வேட்டை' என்ற சொல்லுக்கும் சட்டத்தில் அகலமான அர்த்தம் இருக்கிறது. துப்பாக்கியால் சுடுவது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, துரத்துவது, இரை வைத்து வரவழைப்பது, பறவையின் கூட்டைக் கலைப்பது, முட்டையைச் சேதப்படுத்துவது எல்லாமே வேட்டைதான். ரீல்ஸ் எடுப்பதற்காக மானை பைக்கில் துரத்தினால் அதுவும் இதில் வரும்.

சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்குகளுக்குத் தண்டனை அதிகம். காட்டெருமை, கரடி, எறும்புத்தின்னி, உடும்பு, மயில் எல்லாம் அந்த அட்டவணையில் வருபவை. இவற்றை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தபட்சம் 25,000 ரூபாய் அபராதம். 2022-ம் ஆண்டுத் திருத்தத்தில்தான் இந்த அபராதம் 10,000-லிருந்து உயர்த்தப்பட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலைப்பகுதிகளுக்குப் போகும்போது "முயல் கறி இருக்கு, காட்டுப்பன்றிக் கறி இருக்கு" என்று யாராவது சொல்லலாம். வாங்கிச் சாப்பிடுகிறவர் மீதும் வழக்குப் பாயும். வேட்டையாடியவர் மட்டுமே குற்றவாளி என்று நினைக்க வேண்டாம்.

சரி, என்னென்ன பார்க்கலாம்?

யானைக் கூட்டத்தையும் புலியையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கல்வராயன் அதற்குப் பெயர் போன காடு அல்ல. இங்கே இருப்பது வேறு மாதிரியான காடு.

அடிவாரத்தில் முள்ளும் புதருமாக இருக்கும். சுமார் 400 மீட்டருக்கு மேல் ஏற ஏற, கோடையில் இலை உதிர்க்கும் காடு தொடங்கும். மேலே சில இடங்களில் மட்டும் எப்போதும் பசுமையாக இருக்கும் சோலைத் திட்டுகள் மிச்சமிருக்கின்றன. கடுக்காய், நெல்லி, புளி, மூங்கில், சந்தனம் எல்லாம் இந்த மலையின் மரங்கள். ஒரு மணி நேர மலைப்பாதைப் பயணத்திலேயே காட்டின் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

விலங்குகளில் காட்டெருமை, கரடி, மான், காட்டுப்பன்றி, முயல், நரி, குரங்கு போன்றவை இங்கே உண்டு. காட்டெருமை என்று எல்லோரும் சொன்னாலும் அது எருமை இனம் அல்ல, மாட்டினம். அதனால்தான் காட்டுயிர் ஆர்வலர்கள் 'காட்டுமாடு' என்றே எழுதுகிறார்கள். கரிய உடல், முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி கால்கள். நன்கு வளர்ந்த ஆண் ஒரு டன் எடை வரை இருக்கும்.

உண்மையில் இந்த மலையில் எளிதாகவும் ஆபத்தில்லாமலும் ரசிக்கக்கூடியவை பறவைகள். விடியற்காலை 6 மணி முதல் 9 மணி வரை ஊர் ஓரமாக, ரோட்டோரமாக மெதுவாக நடந்தாலே போதும். காட்டுக்குள் இறங்கத் தேவையே இல்லை. சாம்பல் காட்டுக்கோழியின் கூவல், மரத்தில் செம்புப் பாத்திரம் தட்டுகிற மாதிரி விடாமல் கேட்கும் செம்மார்புக் குக்குறுவானின் சத்தம், கரிச்சான், பஞ்சுருட்டான், மரங்கொத்தி, சின்னான் என்று வரிசையாக வரும். கோமுகி அணைக்கரையில் நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்திகளைப் பார்க்கலாம்.

குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வரும் ஒரு விருந்தாளியும் உண்டு. பெயர் ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் வாக்கில் தெற்கே வரும். காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் நம்ம ஊர் மக்கள் வைத்த பெயர் இது. பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு. புதருக்குக் கீழே சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். சத்தம் போட்டால் பார்க்க முடியாது.

பறவை பார்க்க விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. ஒரு சாதாரண பைனாகுலரும் பொறுமையும் போதும். பார்த்த பறவைகளை இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்யலாம். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எண்ணிப் பதிவு செய்தால் யார் வேண்டுமானாலும் இதில் சேரலாம். அதிகம் பேர் கணக்கெடுக்காத மலைகளில் இருந்து வரும் பட்டியலுக்குத் தனி மதிப்பு உண்டு.

நீர்வீழ்ச்சியில் தண்ணீர் எப்படித் திடீர்னு ஏறுது?

கல்வராயனுக்கு வரும் பெரும்பாலானோரின் இலக்கு நீர்வீழ்ச்சிதான். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை போகும் வழியில் ரோட்டோரமாகவே இருக்கிறது பெரியார் நீர்வீழ்ச்சி. மேகம், கவியம் போன்றவை மெயின் ரோட்டை விட்டு உள்ளே இருப்பவை. சேலம் பக்கம் ஆனைவாரி முட்டல்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் உயிர் தப்பலாம். நீர்வீழ்ச்சியில் நிற்பவருக்கு வெயில் அடிக்கலாம். ஆனால் பல கிலோமீட்டர் தள்ளி, மலை உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். மேலே விரிந்த சமவெளி, கீழே குறுகலான பாறை ஓடை. அகலமான இடத்தில் விழுந்த மழை எல்லாம் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக வெளியேறும்போது நிமிடங்களில் நீர்மட்டம் எகிறும். 2021-ல் ஆனைவாரியில் நடந்த மாதிரி திடீரென வெள்ளம் வருவதற்கு இதுதான் காரணம்.

காடு சில அறிகுறிகளைக் காட்டும்:

• தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரெனக் கலங்கி செம்மண் நிறமாகும்.

• சருகு, குச்சி, நுரை மிதந்து வரும்.

• தண்ணீர் விழும் சத்தம் கனமாகும்.

• மலை உச்சியில் கருமேகம் திரண்டு நிற்கும், இடி கேட்கும்.

இதில் ஏதாவது ஒன்றைக் கண்டாலும் பை, செருப்பு எதையும் தேடாமல் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் தண்ணீரைக் கடக்க முயலாமல், உயரமான இடத்தில் காத்திருப்பதே பாதுகாப்பு. முழங்கால் அளவு வேகமான வெள்ளமே ஒரு ஆளைச் சாய்த்துவிடும்.

ஆழம் தெரியாத குளத்தில் டைவ் அடிப்பது, பாசி படிந்த பாறையில் நின்று செல்பி எடுப்பது, மது குடித்துவிட்டு இறங்குவது ஆகியவையும் உயிருக்கு உலை வைப்பவை. கனமழையின்போது வனத்துறை குளிக்கத் தடை போட்டால், "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று வேறு வழியாக இறங்கக் கூடாது.

எப்போ போகலாம்?

தென்மேற்குப் பருவமழையின் பின்பகுதியும் வடகிழக்குப் பருவமழையும் மலையை நனைக்கும். அதனால் செப்டம்பரில் இருந்து ஜனவரி வரை மலை பச்சைப் பசேல் என்று இருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும். ஆனால் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் கனமழை எச்சரிக்கை இருக்கும் நாட்களைத் தவிர்ப்பது நல்லது. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி தொடக்கம் வரை பறவை பார்ப்பதற்கு ஏற்ற காலம். குளிரும் இதமாக இருக்கும்.

பிப்ரவரி நடுவில் இருந்து நிலைமை மாறும். இலைகள் உதிர்ந்து, காடு முழுக்கச் சருகு மெத்தை விரிந்திருக்கும். ஒரு பீடித்துண்டு போதும், மலைச்சரிவே பற்றிக்கொள்ளும். தீ மேட்டை நோக்கி ஏறும்போது ஆள் ஓடும் வேகத்தை மிஞ்சிவிடும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. மலையேற்றம் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன்பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தை அரசு தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைன் பதிவு, கூடவே வழிகாட்டி. அந்தப் பாதைகளும் 2025-ல் காட்டுத்தீ சீசனையொட்டி பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடப்பட்டன.

அரசு ஏற்பாடு செய்த பாதைக்கே இவ்வளவு கட்டுப்பாடு. அப்படியிருக்க, கூகுள் மேப்பில் ஒற்றையடிப் பாதை தெரிகிறது என்பதற்காகக் காப்புக்காட்டுக்குள் டென்ட் தூக்கிக்கொண்டு போவது எவ்வளவு பெரிய தவறு என்பது சொல்லாமலே புரியும். டென்ட் அடிப்பது, கேம்ப் ஃபயர் போடுவது, ட்ரோன் பறக்கவிடுவது என எதற்கும் முன் அனுமதி வேண்டும். கள்ளக்குறிச்சி பக்கத்துக்கு கள்ளக்குறிச்சி வனக்கோட்ட அலுவலகம், சேலம் பக்கத்துக்கு ஆத்தூர் வனக்கோட்ட அலுவலகம்.

வழியில் காட்டெருமை நின்னா என்ன செய்யணும்?

• வண்டியைத் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்டாதீர்கள்.

• அது ரோட்டைக் கடந்து முடிக்கட்டும். ஒன்று போனால் பின்னாலேயே கன்றும் மற்ற மாடுகளும் வரலாம்.

• போட்டோவுக்காக வண்டியை விட்டு இறங்காதீர்கள். அமைதியாக மேய்ந்துகொண்டிருப்பது போலத் தெரிந்தாலும், தனியாக நிற்கும் ஆண் மாடும் கன்றுடன் இருக்கும் தாயும் திடீரெனப் பாயக்கூடும்.

• நடந்து போகும்போது எதிர்ப்பட்டால், முதுகைக் காட்டி ஓடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். இடையில் பெரிய மரமோ பாறையோ இருக்கும்படி நகருங்கள்.

கரடி பெரும்பாலும் அந்தி, விடியல், இரவு நேரங்களில் நடமாடும். பார்வையைவிட மோப்ப சக்தியை நம்பும் விலங்கு. மனிதர் வருவது தெரியாமல் அருகில் வந்துவிட்டால்தான் தாக்குதல் நடக்கிறது. அதனால் இருட்டிய பிறகு தனியாக நடப்பதைத் தவிர்க்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் பேசிக்கொண்டே, கும்பலாக நடப்பதற்குக் காரணம் இதுதான்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

குரங்குக்கு ஒரு பிஸ்கட் போட்டா தப்பா?

தப்புதான். பாவம் பார்த்துப் போடும் பிஸ்கட்தான் குரங்கைக் காட்டை விட்டு ரோட்டுக்கு இழுக்கிறது. ரோட்டுக்கு வந்த குரங்கு வண்டியில் அடிபடுகிறது. மனிதர் கையில் இருப்பதைப் பறிக்கப் பழகுகிறது. பிறகு அதே குரங்கு மலைக்கிராமத்து வீட்டுக்குள் புகுந்து சாமான்களை இழுத்துப் போடுகிறது. பிஸ்கட் போட்டவர் ஊருக்குத் திரும்பிவிடுவார். தொல்லையை அனுபவிப்பது அங்கே வாழும் குடும்பங்கள். காட்டுப் பகுதிகளில் குரங்குக்கு உணவு கொடுப்பவர்களுக்கு வனத்துறை அபராதமும் விதிக்கிறது.

பிளாஸ்டிக் விஷயமும் இதே கதைதான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. சிப்ஸ் பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் உப்புக்காக மானும் மாடும் கவரையே விழுங்கிவிடும். பாறையில் உடைத்துப் போடும் பீர் பாட்டில், காட்டு விலங்கின் காலையும் கிழிக்கும், விறகும் புளியும் பொறுக்கப் போகும் மலைவாழ் பெண்களின் காலையும் கிழிக்கும்.

மலை மக்கள் எடுக்கலாம், நாம எடுக்கக் கூடாதா?

காட்டில் நெல்லிக்காய் பறித்தால் வனக்காவலர் தடுக்கிறார், ஆனால் உள்ளூர் மக்கள் மூட்டை மூட்டையாகக் கடுக்காய் கொண்டு போகிறார்களே என்று சுற்றுலாப் பயணிகள் கேட்பதுண்டு. பதில் 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழும் பழங்குடிகளுக்குத் தேன், புளி, கடுக்காய், நெல்லி போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரித்து விற்க அந்தச் சட்டம் உரிமை தருகிறது. அது சலுகை அல்ல, அவர்களின் வாழ்வாதாரம். வெளியூரிலிருந்து வருபவருக்கு அந்த உரிமை இல்லை.

கல்வராயனில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைக்க வேண்டாம். தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் மலையேறி வந்ததாக அவர்களிடம் வழிவழியாக ஒரு கதை உண்டு. சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி பயிரிடுகிறார்கள்.

நீண்ட காலம் இந்த மலை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. 1976-ல்தான் அந்த ஆதிக்கம் முடிவுக்கு வந்தது. அதாவது நாடு சுதந்திரம் பெற்றுக் கிட்டத்தட்ட 30 ஆண்டு கழித்து. சாலை, பள்ளி, மருத்துவம் எல்லாம் இங்கே தாமதமாக வந்ததற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட விஷச்சாராயச் சம்பவத்துக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. அடிப்படை வசதிகள் ஏன் சென்று சேரவில்லை என்பதுதான் அந்த வழக்கின் மையக் கேள்வி.

இதற்கும் சுற்றுலாவுக்கும் என்ன சம்பந்தம்? காட்டைக் காப்பதில் பெரிய பங்கு அங்கே வாழ்பவர்களுக்குத்தான். செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் இதற்கு நல்ல உதாரணம். ஏரியில் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர் மக்கள் முறையிட்டு, 1798-லேயே அன்றைய கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சரணாலயம் என்ற சட்டச் சொல் வருவதற்கு முன்பே அது சரணாலயமாக இருந்தது. காடும் பறவையும் இருப்பதால் தனக்கு நன்மை என்று ஊர் நினைத்தால், எந்த போர்டும் இல்லாமலே அது காப்பாற்றப்படும்.

அதனால் கல்வராயன் போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலில் இருந்து பிரியாணி வரை கீழேயிருந்து கட்டிக்கொண்டு போய், குப்பையை மட்டும் மேலே விட்டுவிட்டு வருவது மலைக்குச் செய்யும் நன்மை இல்லை. மலைக்கடையில் டீ குடிக்கலாம், சாமையும் தினையும் தேனும் புளியும் மலை மக்களிடம் வாங்கலாம். வீடுகளையும் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் போட்டோ எடுக்காமல் இருப்பது அடிப்படை மரியாதை.

எப்படிப் போறது? என்ன எடுத்துட்டுப் போறது?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, பரிகம் வழியாகக் கரியாலூர், வெள்ளிமலைக்கு மலைப்பாதை இருக்கிறது. சங்கராபுரம் பக்கமிருந்து மூலக்காடு வழியாகச் சேராப்பட்டுக்கு ஏறலாம். சேலம் பக்கமிருந்து வருபவர்களுக்கு வாழப்பாடி, பேளூர், கருமந்துறை வழி. ரயிலில் வருவதானால் சேலம் - விருத்தாசலம் பாதையில் உள்ள சின்னசேலத்தில் இறங்கி கள்ளக்குறிச்சிக்கு பஸ் பிடிக்கலாம்.

குழந்தைகளுடன் போகும் குடும்பங்களுக்குக் கோமுகி அணை, கரியாலூர் படகுக் குழாம், கருமந்துறை அரசு தோட்டக்கலைப் பண்ணை போன்ற இடங்கள் சிரமமில்லாதவை.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை:

• காலையில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கும்படி திட்டமிடுங்கள்.

• அன்றைய வானிலை அறிவிப்பைப் பாருங்கள். நீர்வீழ்ச்சியில் குளிக்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

• பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

• பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பிரேக்கைச் சோதியுங்கள். இறக்கத்தில் குறைந்த கியரில் வாருங்கள்.

• தேவையான தண்ணீர், முதலுதவிப் பெட்டி, டார்ச் லைட், கூடவே குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை.

• தீப்பெட்டி, லைட்டர், மது, ஸ்பீக்கர் வேண்டாம்.

முடிவு யார் கையில்?

சரணாலயம் என்றால் வாசலில் கேட் இருக்கும். பையைச் சோதிப்பார்கள், நேரம் சொல்வார்கள், கூட ஒரு வனக்காவலர் வருவார். தப்பு செய்ய நினைத்தாலும் தடுக்க ஆள் இருக்கும். கல்வராயன் போன்ற காட்டில் பல கிலோமீட்டர் தூரத்துக்கு அப்படி யாரும் இருக்க மாட்டார்கள். பாறையில் ஏறுவதா வேண்டாமா, பீடியை எங்கே அணைப்பது, காட்டெருமையைப் பார்த்தால் நிற்பதா நெருங்குவதா என்பதை எல்லாம் போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

2021-ல் ஆனைவாரியில் கயிறு பிடித்து அந்தத் தாயையும் குழந்தையையும் மீட்ட கைகள் அன்று அங்கே இருந்தன. ஒவ்வொரு முறையும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அடுத்த லீவுக்கு மலையேறுகிறவர்கள் தண்ணீரின் நிறத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினால் நல்லது.